வேண்டாத வேலை

மதுரையில் அந்த மருந்துக் கம்பெனி நேர்காணலில் நடந்ததைத் தங்கப்பாண்டி யாரிடமும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கா மலையம்மாளிடம் எதையும் மறைக்க அவனுக்கு வராது. பழனிசெட்டிபட்டியில் அவள் வீட்டு வாசலில் அவன் செருப்பைக் கழற்றும்போதே, தையல் மெஷினில் இருந்து தலையைத் தூக்கி அவள் கேட்டுவிட்டாள்.

"என்னடா, போச்சா?"

"போச்சுக்கா."

"இந்தத் தடவையும் பேசலையா?"

"பேசல. காப்பியக் குடிச்சிட்டேன்."

"காப்பியெல்லாம் குடுத்தாகளா? நல்ல கம்பெனிதேன்."

"எனக்குக் குடுக்கலக்கா. எதுத்தாப்புல உக்காந்திருந்தவருக்கு வந்த காப்பி. 'உங்களப் பத்திச் சொல்லுங்க'ன்னாரு. தொண்டை அடைச்சிருச்சு. என்ன செய்யிறேன்னு தெரியாம அவரு கிளாசை எடுத்துக் குடிச்சிட்டேன்."

மலையம்மாள் சிரித்தாள். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

அவனுக்குப் படிப்பில் குறை ஒன்றும் இல்லை. மதுரையில் எம்.எஸ்ஸி. வேதியியல் முதல் வகுப்பில் முடித்திருந்தான். காமயகவுண்டன்பட்டியில் அப்பா மொக்கைச்சாமியின் திராட்சைத் தோட்டத்துப் பழத்தையே எடுத்து, அடித்த பூச்சிமருந்து பழத்தில் எவ்வளவு தங்குகிறது என்று ஆராய்ச்சி செய்து பாராட்டு வாங்கியிருந்தான். விடுதியில் கூடப் படித்தவர்களுக்குப் பரீட்சைக்கு முதல் நாள் பாடம் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். ஆனால் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர், இந்தப் பக்கம் ஒற்றை நாற்காலி என்றால் போதும். முதலில் உள்ளங்கை வேர்க்கும். அடுத்து வலது முழங்கால் தானாக ஆடும். அதற்கப்புறம் குரல் காணாமல் போய்விடும். தேனியில் ஒரு மில்லில், தான் படித்த கல்லூரியின் பெயரே அவனுக்கு மறந்துபோனது. திண்டுக்கல்லில் ஒரு கம்பெனியின் கேட் வரைக்கும் போய்விட்டு, உள்ளே நுழையாமல் திரும்பி வந்து, இன்டர்வியூவைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் பொய் சொன்னான்.

அது 2003, மாசி மாதம். அவன் மனசு முழுக்க ஒரே ஒரு வேலைதான் இருந்தது. போடியில் ஏலக்காயும் மிளகும் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்று புதிதாகப் பரிசோதனைக் கூடம் திறந்து, அதற்கு ஒரு கெமிஸ்ட் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தது. அவன் படித்தது அதற்கென்றே படித்த மாதிரி இருந்தது. மனுப் போட்டிருந்தான். பங்குனி பிறந்ததும் நேர்காணல் என்று பதிலும் வந்துவிட்டது. பதில் வந்த நாளில் இருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. போடியிலும் யாருடைய காப்பியையாவது எடுத்துக் குடித்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் மலையம்மாள் பேப்பரும் கத்திரிக்கோலுமாக வந்து உட்கார்ந்தாள்.

"ஏலே, ஒன்னு கேக்குறேன். கடைல போயி ஊசி நூலு வாங்குறப்ப ஒனக்கு நடுங்குதா?"

"அதுக்கு எதுக்கு நடுங்கணும்?"

"அதத்தேன் சொல்றேன். வேணும்னு நெனைக்கிற எடத்துலதேன் ஒனக்கு நடுங்குது. வேணாத வேலைக்குப் போயிப் பாரு. கெடச்சா என்ன, கெடைக்காட்டி என்ன? அவுக கேக்கட்டும், நீ சொல்லு. நாலு எடத்துல அப்பிடி ஒக்காந்து எந்திரிச்சீன்னா போடிக்குப் போறப்ப பழகிப்போயிரும்."

அவள் கணவர் கர்ணன் லோடு வேன் சாவியைத் தேடிக்கொண்டே, "மாப்ள, ஒங்க அக்கா சொன்னதக் கேட்டுத்தேன் நான் வேன் வாங்குனேன். இன்னும் கடன் கட்டுறேன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மலையம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. விளம்பரங்களை வெட்ட ஆரம்பித்தாள்.

முதலில் தேனியில் ஒரு ஜவுளிக்கடை. மாடி மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமாம். முதலாளி கல்லாவில் இருந்தபடியே நேர்காணல் நடத்தினார். முழங்கால் கொஞ்சம் ஆடியது. ஆனால் பெயரையும் படிப்பையும் சொல்ல முடிந்தது. எம்.எஸ்ஸி. என்றதும் அவரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். அடுத்தது இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை. அங்கே வந்திருந்த அத்தனை பேரையும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு செல்போன் இணைப்பு விற்கும் கம்பெனி ஒன்று, பெரியகுளத்தில் ஒரு நர்சரிப் பள்ளி, பம்புசெட் கடை ஒன்று. தினமும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்புவான். மத்தியானம் ஏதாவது ஒரு பஸ்ஸில் நின்றபடி திரும்பி வருவான்.

போகப் போகச் சில விஷயங்கள் பிடிபட்டன. பேசும்போது இருக்கும் பயத்தைவிட, கூப்பிடுவதற்கு முன்னால் பெஞ்சில் காத்திருக்கும்போது வரும் பயம்தான் பெரிது. அதனால் உட்காராமல் வெளியே நடந்துகொண்டிருந்தால் நல்லது. வாட்ச்மேனிடமோ டீக்கடைக்காரரிடமோ நாலு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போனால் குரல் ஏற்கனவே திறந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைத்தால் முழங்கால் ஆடாது. கேள்வி முடிந்தவுடனே பதிலுக்குப் பாயக் கூடாது. ஒரு மூச்சு விட்டுக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. பம்புசெட் கடையில் முதலாளியே இவன் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். அன்றைக்குத் தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது தங்கப்பாண்டிக்குத் தான் வேறு ஆளாகிவிட்ட மாதிரி இருந்தது.

அந்த மிதப்பில்தான் தேவதானப்பட்டிக்குப் போனான்.

ஊருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஆலை. சீசன் தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்ததால் முற்றம் காலியாகக் கிடந்தது. ஸ்டோர்ஸில் சரக்குக் கணக்குப் பார்க்க ஒரு ஆள் தேவை. அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கடைசியாக உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஃபைல் நடுங்கிக்கொண்டிருந்தது.

பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"தம்பி, உள்ள என்ன கேப்பாக?" என்று அவளே கேட்டாள்.

"மொதல்ல நம்மளப் பத்திக் கேப்பாகக்கா. பேரு, ஊரு, படிப்பு. அதெல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான?"

"தெரிஞ்சதுதேன். இந்நேரம் எம்பேரே மறந்துரும்போல இருக்கு." சொல்லிவிட்டு, மறக்காமல் இருக்கச் சொல்லிப் பார்ப்பவள் போல, "அக்கம்மாள்" என்றாள்.

இதே ஆலையில் அஞ்சு சீசனாக மாம்பழம் தோல் சீவுகிறாள் அக்கம்மாள். சீசன் இல்லாத மாதங்களில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜெராக்ஸ் கடையில் வேலை. தபாலில் பி.காம். படித்துப் போன வருஷம்தான் முடித்திருந்தாள்.

"ஷெட்டுல தொப்பியும் துணியுமா வரிசையா நிப்போம் தம்பி. மேனேஜருக்கு எங்க யாரையும் மொகம் தெரியாது. ஒரு தடவை உள்ள போயி நான் இன்னாருன்னு சொல்லிட்டா போதும்னு இருக்கு. ஆனா வாயி வருமான்னு தெரியல."

"வரும்க்கா. ரெண்டு பாதத்தையும் தரையில நல்லா அழுத்தி வைங்க. அவுக கேட்டு முடிச்சதும் ஒரு மூச்சு விட்டுக்கங்க. அவசரமே இல்ல. உள்ள போறதுக்கு முன்னாடி யாருகிட்டயாச்சும் சத்தமாப் பேசிருங்க. இப்ப எங்கிட்டப் பேசுறீகள்ல, இதே மாதிரி."

அவள் உடனே செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தைத் தரையில் அழுத்திப் பார்த்தாள். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது போல இருந்தது.

"ஒங்களுக்குப் பயமே இல்லையா தம்பி?"

எனக்கு இந்த வேலை வேண்டாம், அதனால்தான் பயமில்லை என்று அவன் அப்போது சொல்லியிருக்கலாம். "பழகிருச்சுக்கா" என்றான்.

மனுவில் எம்.எஸ்ஸி. என்று பார்த்ததாலோ என்னவோ, அவனை முதலில் கூப்பிட்டார்கள். மேனேஜர் முத்துவீரனும் கணக்காளர் ஒருவரும் உள்ளே இருந்தார்கள். பாதத்தை அழுத்த வேண்டிய தேவைகூட வரவில்லை. காய் பழுக்கும்போது புளிப்பு எப்படிக் குறைகிறது, கூழ் ஏன் கறுக்கிறது என்று கேட்காததையும் சொன்னான். மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். சீக்கிரமே அவர் கணக்காளரைப் பார்த்தார், கணக்காளர் தலையாட்டினார்.

"தம்பி, ஸ்டோர்ஸுக்கு ஒன்ன மாதிரி ஆளு கெடைக்கிறது கஷ்டம். திங்கக்கிழமை வந்து சேந்துரு."

தங்கப்பாண்டி நன்றி சொல்லி எழுந்தான். போகிற போக்கில் ஒரு பந்தயத்தில் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை அப்போதே சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. கதவைத் திறந்து அவன் வெளியே வந்ததும், பின்னாலேயே அட்டெண்டர் வந்தார்.

"ஆளு எடுத்தாச்சு. மத்தவக கெளம்பலாம்."

பெஞ்சில் இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். அக்கம்மாள் மட்டும் எழவில்லை. பாதங்கள் தரையில் அப்படியே அழுந்தியிருந்தன.

"எங்களக் கேக்கவே இல்லையே" என்றாள் அட்டெண்டரிடம்.

"எடம் ஒன்னுதானம்மா. முடிஞ்சிருச்சு."

அவள் நிமிர்ந்து தங்கப்பாண்டியைப் பார்த்தாள். "ஒங்களுக்கா தம்பி? நல்லாருங்க. நல்லாச் சொல்லிக்குடுத்தீக. ஒங்களுக்குக் கெடச்சது சந்தோசந்தேன்." சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். அந்தச் சொல்லில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும்.

தேனி பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது, அதையும் விட்டான். ரோட்டோரமாகப் பெரியகுளம் பக்கம் நடக்க ஆரம்பித்தான். வெயில் மண்டையில் இறங்கிய பிறகுதான் ஒரு மினி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினான்.

வீட்டில் அவன் சொல்லி முடிப்பதற்குள் மலையம்மாள் குதித்துவிட்டாள். அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது, அதுவும் அவள் போட்ட திட்டத்தில். ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொல்லிவிட்டாள். கேசரிக்கு ரவையை வறுக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, எனக்கு அந்த வேலை வேணாம். போடிக்குப் பழகத்தேன போனேன்."

"போடியில கெடைக்கும்னு யாரு ஒனக்கு எழுதிக்குடுத்தா? அது வர்ற வரைக்கும் இதுல இருடா."

"அந்தம்மா உள்ளயே போகலக்கா. ஒரு கேள்விகூட அவுககிட்டக் கேக்கல."

"நீயா அனுப்புன? மேனேஜருல்ல அனுப்புனாரு."

அதுவும் சரிதான். ஆனால் அந்தச் 'சரி' அவனுக்குள் நிற்கவில்லை. கேசரியை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தான். வாசலுக்குப் போனான், உள்ளே வந்தான், கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வாசலுக்கு வந்தான். மலையம்மாள் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே அவனைக் கண்ணால் தொடர்ந்தாள். மூன்றாவது தடவை அவன் குறுக்கே போனபோது நூல் அறுந்தது.

"இங்கன ஒக்காரு, இல்லாட்டி வெளிய போ. தலை சுத்துது எனக்கு." கொஞ்ச நேரம் கழித்து, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே தணிந்த குரலில் கேட்டாள்: "அந்தம்மாவுக்குப் பிள்ளைக இருக்கா?"

"தெரியல. கேக்கல."

"எல்லாம் நாஞ்சொல்லித்தேன் போன" என்றாள். மறுநாள் காலையில் அவன் கேட்காமலேயே சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

தேவதானப்பட்டி போய்ச் சேர்வதற்குள் பழைய வியாதி அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. பஸ் கம்பியைப் பிடித்த கை வழுக்கியது. ஆலை கேட்டில் வாட்ச்மேனிடம் பேச நினைத்தான், வாய் ஒட்டிக்கொண்டது. மேனேஜர் அறையில் நாற்காலி காட்டினார்கள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் ஆடுவது மேஜையில் தெரிந்துவிடும்.

"என்ன தம்பி, திங்கக்கிழமைதான வரச் சொன்னேன்?"

"சார், நான் வரல. எனக்கு வேலை வேணாம்."

"வேற எடத்துல கூடக் குடுக்குறாகளா?"

"இல்ல சார்." குரல் கீச்சென்று வந்தது. "நான் பழகுறதுக்குத்தேன் வந்தேன்."

"எதுக்குப் பழக?"

"இன்டர்வியூவுக்கு. எனக்குப் பயம் சார். பயம் போறதுக்காக வேணாத வேலைக்கெல்லாம் போயிட்டு இருந்தேன்."

கணக்காளர் சிரித்துவிட்டார். முத்துவீரன் சிரிக்கவில்லை. அவர் முகம் கழுத்து வரைக்கும் சிவந்தது.

"எங்க நேரம் ஒனக்கு வெளாட்டா? நேத்து அம்புட்டுப் பேரையும் ஒன்னால திருப்பி அனுப்பியிருக்கேன். எந்திரிச்சு வெளிய போய்யா!"

அவன் நின்றுகொண்டேதான் இருந்தான். எழுவதற்கு ஒன்றும் இல்லை. "அதத்தேன் சொல்ல வந்தேன் சார். அதுல அக்கம்மாள்னு ஒருத்தவக. ஒங்க ஷெட்டுலதேன் அஞ்சு சீசனா இருக்காக. பி.காம். படிச்சிருக்காக. அவுகள ஒரு தடவை உள்ள கூப்புட்டுக் கேளுங்க."

"யாரைக் கூப்புடணும்னு நீ சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? போ வெளிய!"

கத்தல் முற்றம் வரைக்கும் கேட்டிருக்கும். அவன் வெளியே வந்தான். அக்கம்மாளைக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று ஒன்றும் தெரியவில்லை. இப்படியே பஸ் ஏறிவிடலாம். ஆனால் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் அந்த ஜெராக்ஸ் கடை இருந்தது.

அக்கம்மாள் யாருடைய ரேஷன் கார்டையோ மெஷினில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் சிரித்தாள். "வாங்க தம்பி. சர்டிபிகேட்டு நகல் எடுக்கணுமா?"

அவன் சொன்னான். நடந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். மெஷினின் பச்சை வெளிச்சம் மூடிக்குக் கீழே இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் போய் வந்தது. அவள் நகலை எடுத்து, ரேஷன் கார்டுக்காரரிடம் கொடுத்து, அவர் படியிறங்கிப் போன பிறகுதான் பேசினாள்.

"அப்ப அங்கன எனக்குச் சொல்லிக்குடுத்தீகளே, அதுவும் வெளாட்டா?"

"இல்லக்கா. அது நெசம்."

"நேத்து வீட்டுக்குப் போனதும் எம்புருசன், எவனோ காசு குடுத்து வாங்கியிருப்பான்னு திட்டுனாரு. இல்லய்யா, நல்ல பையன், படிச்ச பையன், அவனுக்கும் கஷ்டம் இருக்கும்லன்னு நாந்தேன் சமாதானம் சொன்னேன். ஒங்களுக்காகப் பேசுனேன் தம்பி." அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "நீங்க பஸ்ஸுக்கு நேரமாகுற வரைக்கும் பொழுதுபோக்கா வந்துட்டுப் போயிருக்கீக."

அவன் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. மேஜைக்கு அடியில் இருந்த பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். அந்த ஃபைலை எடுத்தாள்.

"மேனேஜரு இருக்காரா இப்ப?"

"இருக்காரு. கோவமா இருக்காரு. நானும் வர்றேன்க்கா."

"வேணாம். நீங்க வந்தா நான் சிபாரிசுல வந்தவளாயிருவேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஓனரு வர்ற நேரம். கடையப் பூட்டுனா சத்தம் போடுவாரு. நான் வர்ற வரைக்கும் பாத்துக்கங்க. பச்சை பட்டன அமுக்குனா நகலு வந்துரும்."

போய்விட்டாள்.

தங்கப்பாண்டி ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்னால் நின்றான். சாதிச் சான்றிதழ் ஒன்று வந்தது, இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். முன்பக்கத்தின் மேலேயே பின்பக்கமும் விழுந்தது. மறுபடி போட்டான், தாள் சிக்கியது. பின்னால் இருந்தவர், "அந்த அக்கா இல்லையா?" என்று கேட்டார். மெஷின் கதவைத் திறந்து கசங்கிய தாளை உருவும்போது விரலெல்லாம் கருப்பு மை. மெஷினைப் பார்த்துக்கொண்டும் ஆலைப் பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டும் அவன் தவித்தான். உள்ளே விட்டிருப்பார்களா, கேட்டிலேயே நிறுத்தியிருப்பார்களா? தன்னுடைய எந்த நேர்காணலுக்கும் அவன் இவ்வளவு வேர்த்ததில்லை.

அக்கம்மாள் திரும்பி வந்தபோது கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவள் ஃபைலை வைத்துவிட்டு வரிசையாக நகல் எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகுதான் சொன்னாள்.

"மொதல்ல முடியாதுன்னாரு. நான் நகரல. பெறகு ஒக்காரச் சொன்னாரு. கேட்டாரு, சொன்னேன். சொல்லி அனுப்புறேன்னாரு."

"நல்லாப் பேசுனீகளாக்கா?"

"கோவத்துல போனேன்ல. பயப்பட நேரமில்ல." கசங்கிக் கிடந்த தாள்களைப் பார்த்தாள். "இம்புட்டையும் வீணாக்கிட்டீகளா?"

அக்கா வீட்டுப் போன் நம்பரை அவளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். வாங்கி வைத்துக்கொண்டாள். கூப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் போடி. வேண்டாத வேலைகளில் கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் செய்தான். நேரத்தோடு போனான். உட்காராமல் நடந்தான். வாட்ச்மேனிடம் மழையைப் பற்றிப் பேசினான். எதுவும் பலிக்கவில்லை. சாக்குகளில் இருந்து வந்த ஏலக்காய் மணம் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் புதுக் கருவிகள் பிளாஸ்டிக் உறையோடு நின்றன. அவற்றைப் பார்க்கப் பார்க்க உள்ளங்கை ஈரமானது.

உள்ளே மூன்று பேர். முதலாளி, அவருடைய மகன், பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவியாகக் கேரளாவில் இருந்து வந்திருந்த ஒரு அம்மா. பாதத்தை அழுத்தினான், பாதமே ஆடியது.

"சொல்லுங்க தம்பி, ஒங்களப் பத்தி" என்றார் முதலாளி.

குரல் போய்விட்டது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மகன் பேனாவை மூடினார். முத்துவீரன் கத்தியது அவனுக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவு கத்தலிலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான். இருந்த குரலை வைத்துச் சொன்னான்:

"சார், எனக்கு இன்டர்வியூன்னா பேச்சு நின்னுரும். கொஞ்சம் பொறுத்தீகன்னா வந்துரும்."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மாதான் முதலில் பேசினார். "பேடிக்கண்டா. சமயம் உண்டு." கம்பம் சந்தையில் மலையாளம் கேட்டு வளர்ந்தவனுக்கு அது புரிந்தது. பயப்பட வேண்டாம், நேரம் இருக்கிறது. அவர் சும்மா சொல்லவில்லை. உண்மையாகவே பேசாமல் காத்திருந்தார். வெளியே லாரியில் மூட்டை ஏற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அவரே அவனுடைய திராட்சை ஆராய்ச்சியை எடுத்துக் கேட்டார்: "அதில் எங்கே தப்பு வந்தது?"

எல்லோரும் என்ன கண்டுபிடித்தாய் என்றுதான் கேட்பார்கள். தப்பு எங்கே என்று யாரும் கேட்டதில்லை. அவனுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது, அதோடு குரலும் வந்தது.

"மொதல் தடவை பழத்துல மருந்தே இல்லைன்னு வந்துச்சு மேடம். புரொபசர் நம்பல. நானும் நம்பல. பெறகு பாத்தா, தோட்டத்துல இருந்து கொண்டாந்த பழத்த எங்கம்மா நல்லாக் கழுவித் தொடச்சு டப்பாவுல போட்டுக் குடுத்திருக்காக. மதுரைக்குப் போற பழமாச்சேன்னு."

மூன்று பேரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் கேள்விகள் வந்தன. சிலதற்குச் சரியாகச் சொன்னான், ஒன்றிரண்டுக்குத் தெரியாது என்றான். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. கடைசியில் முதலாளி கேட்டார்: "இதுக்கு முன்னாடி எங்கயும் வேலை கெடைக்கலையா?"

கிடைத்தது என்றான். ஏன் போகவில்லை என்றார். அவன் மாம்பழ ஆலையைப் பற்றி நடந்தபடியே சொன்னான். சொல்லும்போதே, இது தனக்கு எதிராகத்தான் போகும் என்று தெரிந்தது. முதலாளியின் நெற்றி சுருங்கியது.

"அப்ப இங்கயும் பழகத்தேன் வந்தீரா?"

"இல்ல சார்" என்று தங்கப்பாண்டி வலது கையை மேஜைக்கு மேலே நீட்டிக் காட்டினான். "நடுங்குது, பாருங்க."

முதலாளி அந்தக் கையைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சரி, தகவல் சொல்றோம்" என்றார்.

தகவல் வருவதற்குள் அவன் நடந்து நடந்தே அக்கா வீட்டுத் தரையைத் தேய்த்துவிடுவான் போல இருந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் ஓடினான். ஜாக்கெட் தைத்தாகிவிட்டதா என்று யாராவது கேட்பார்கள். ஒரு நாள் எடுத்ததும் பின்னணியில் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"தங்கப்பாண்டி தம்பியா? நாந்தேன் அக்கம்மாள்."

"சொல்லுங்கக்கா! கெடச்சுருச்சா?"

"ஸ்டோர்ஸுக்கு மேனேஜரு தெரிஞ்ச பையன் ஒருத்தனப் போட்டுட்டாக. எனக்கு எடைமேடையில. லாரி எடை போட்டுச் சீட்டு எழுதுற வேலை. இந்த சீசனுக்கு மட்டுந்தேன் இப்ப. பாப்போம்."

அவள் கேட்ட நாற்காலி அது இல்லை. அவன் மெதுவாகக் கேட்டான்: "எம்மேல இன்னும் கோவமாக்கா?"

அவள் யோசித்தாள். "கொஞ்சம் இருக்கு" என்றாள். "அதுக்காகச் சொல்லாம இருக்க முடியுமா? மேனேஜரு இப்ப என்னையப் பேரு சொல்லிக் கூப்புடுறாரு. சரி, ஆளு வந்துட்டாக, வைக்கிறேன்."

அவன் போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றான். மலையம்மாள் மெஷினை நிறுத்திவிட்டு என்ன ஏது என்று கேட்டு முடிப்பதற்குள் போன் மறுபடியும் அடித்தது. அக்கம்மாள்தான் ஏதோ சொல்ல மறந்து மறுபடி கூப்பிடுகிறாள் என்று நினைத்து எடுத்தான். அது போடி. முதலாளியின் மகன் பேசினார். அவன் "ஆமா சார்" என்றான், "சரி சார்" என்றான், "வந்துர்றேன் சார்" என்றான். போனை வைத்தான். பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான்.

"யாருடா? என்னடா? வாயத் தொறந்து சொல்லேன்!"

"எடுத்துட்டாகக்கா. ஆறு மாசம் பழகுநரா வச்சுப் பாத்துட்டுச் சொல்றோம்னாக. ஒன்னாந்தேதி வரச் சொல்லிட்டாக."

மலையம்மாள் அவன் தலையைப் பிடித்து உலுக்கினாள். வாசலுக்கு ஓடி, வேனைக் கழுவிக்கொண்டிருந்த கர்ணனிடம் கத்தினாள். ஈரக் கையோடு அவர் உள்ளே வந்து அவன் தோளைத் தட்டினார்.

"சம்பளம் எம்புட்டு மாப்ள?"

தங்கப்பாண்டி முழித்தான். அவர்களும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

"அதக்கூடவா கேக்கல?" என்றாள் மலையம்மாள். "திருப்பிப் போனப் போடு."

"பெறகு கேட்டுக்குவோம்க்கா."

"இப்பவே போடு. ஒன்னாந்தேதி அங்கன போயி நின்னுக்கிட்டா கேப்ப?"

அவள் ரிசீவரை எடுத்து அவன் கையில் திணித்தாள். எண்களை அழுத்தும்போதே உள்ளங்கை வேர்க்கத் தொடங்கியது. அந்தப் பக்கம் மணி அடித்தது. யாரோ எடுத்து, "யாரு?" என்றார்கள். தங்கப்பாண்டி ஒரு மூச்சு விட்டுக்கொண்டான்.

"வணக்கம் சார், நான் தங்கப்பாண்டி பேசுறேன். ஒன்னு கேக்க மறந்துட்டேன்."